சில்வர் பெயிண்ட் அடித்த தண்டு

என் பெயரில் ஒரு ஜீப்பு இருக்கிறது. ஆர்சி புக்கில் என் பெயர்தான் போட்டிருக்கிறது. எங்கள் மாரிகுப்பம் லைனில், தங்கச் சுரங்க ஆட்களுக்குக் கட்டின வரிசை வீடுகளில், பொம்பளை பெயரில் சைக்கிள்கூட இருந்ததில்லை. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ரெண்டாவது வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு இப்போது ஓடிப்போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் அந்தத் தங்க மைனில் வைண்டிங் இன்ஜின் ஓட்டினவர். ஆட்களை ஏற்றின இரும்புக் கூண்டை, கேஜை, பூமிக்குள் இறக்குவதும் மேலே தூக்குவதும் அவர் கையில் இருந்தது. மைன் மூடின பிறகு பேத்தமங்களா பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டக்காரரிடம் இந்தப் பழைய ஜீப்பை வாங்கி வந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. "எனக்கு நெஞ்சு சரியில்ல, உன் பேர்லயே இருக்கட்டும்" என்று என் பெயரில் எழுதிவிட்டார். சொன்னபடியே சீக்கிரம் போய்விட்டார். வண்டி தார்ப்பாய்க்குக் கீழே நின்றது.

எனக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் திரும்பி வந்தவள். பெங்களூரில் ஒரு துணி கம்பெனிக்கு ரயிலில் போய்வந்தாள், பதினோரு வருஷம். இருட்டோடு போவாள், இருட்டோடு வருவாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவள் முகத்தை வெயிலில் பார்ப்பேன். ஒரு ஞாயிறு மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து தார்ப்பாயை அவளே இழுத்துப் போட்டாள். வண்டி ஓட்டப் பழகினாள், வாடகைக்கு ஓட்ட மஞ்சள் போர்டு வாங்கினாள். பேத்தமங்களா தாண்டி பஸ் போகாத ஊர்களுக்கு ஊசி போடப் போகிற நர்ஸம்மாக்களைக் கூட்டிப்போகிற வேலை கிடைத்தது. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் சாதாரண கார் போகாது. காலையில் எட்டுக்குப் போனால் மத்தியானம் ரெண்டுக்குள் வீட்டில் இருப்பாள். அதிலிருந்து வாரத்தில் ஏழு நாளும் அவள் முகம் எனக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

போன வருஷம் ஐப்பசி மழை விட்டதும் ஜீப்பில் ஒரு நடுக்கம் வந்தது. ஐம்பதைத் தாண்டினால் முதலில் காலுக்குக் கீழே தகரம் குறுகுறுக்கும். அப்புறம் கண்ணாடி ஆடும். அப்புறம் பல்லு. அதோடு மீட்டர் முள்ளும் ஒரு இடத்தில் நிற்காமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. தக்காளி வாங்க நானும் பின்னால் உட்கார்ந்து போன ஒரு நாள், முன்னால் இருந்த நர்ஸம்மா செல்போனை நீட்டி, "அக்கா, உங்க மீட்டரு அம்பத்தாறு சொல்லுது, என் போன் அறுபது சொல்லுது. யாரு பொய் சொல்றது?" என்றது.

"போன்தான்" என்றாள் என் மகள்.

"ஆமா, போனுக்குத்தான் வயசாயிப்போச்சு" என்றது அந்தப் பெண்.

அந்த மாசமே எஃப்சிக்கு, வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்று கொடுக்கிற சர்டிபிகேட்டுக்கு, வண்டியைக் காட்ட வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். மரியாதையான மனுஷன். "மீட்டர் சரியில்ல, அடியில ஷாஃப்ட் ஆடுது. ரெண்டையும் சரி பண்ணிக் கொண்டாங்க" என்று பதினைந்து நாள் கொடுத்தார். நர்ஸம்மாக்களை அனுப்புகிற ஆபீசிலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: மாசக் கடைசிக்குள் எஃப்சி இல்லாவிட்டால் வேறு வண்டி. வீட்டுக்கு வந்து மகள் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆவலன்னா பழைய கம்பெனி கீது, ரயிலு கீது" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆண்டர்சன்பேட்டை போகிற ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். தெலுங்குக்காரர், ஐம்பது வயசு இருக்கும், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். பெரியம்மா என்கிற அர்த்தத்தில் என்னைப் பெத்தம்மா என்று கூப்பிடுவார். ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, உள்ளேயிருந்தே பேசினார்.

"பின்னாடி சக்கரத்துக்குப் போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ல ஜாயிண்ட்டு தேஞ்சி கீது பெத்தம்மா. கையால ஆட்டுனா டொக்கு டொக்குன்னுது."

ஷாஃப்ட் என்பது இன்ஜின் பக்கத்திலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளமான இரும்புத் தண்டு. ரெண்டு துண்டு, பல்லோடு பல் பொருந்தி ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கும். ரெண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஒரு ஜாயிண்ட்டு. அந்த ஜாயிண்ட்டு பெங்களூரிலிருந்து வரவேண்டும், நாலு நாள் ஆகும் என்றார். தண்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"அது இங்க இருக்க வேணாம்" என்றேன்.

"ஏன் பெத்தம்மா?"

"இந்த ஊர்ல வெளியில கெடக்கிற இரும்புக்குக் கால் மொளைக்கும்பா. மைன்ல இருந்த ரயிலு பாதையே நடந்து போயிடுச்சி. இந்தத் தண்டு எம்மாத்திரம்? என் வூட்ல இருக்கட்டும்."

அவர் சிரித்தார். பொய் என்று சொல்ல முடியவில்லை. தண்டை ஒரு கோணிப்பையில் சுற்றிக் கொடுத்தார். பின் தண்டு இல்லாவிட்டாலும் முன் சக்கரம் ரெண்டும் இழுக்கும் என்பதால் ஜீப்பிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஜாயிண்ட்டு வருகிற வரைக்கும் மீட்டரைப் பார்க்கலாம் என்றார். முள்ளு ஆடினது மீட்டருக்கு வருகிற கேபிள் காய்ந்து போனதால்தான். உருவி எடுத்துத் துடைத்து கிரீஸ் போட்டதும் அது ஆட்டத்தை விட்டது. ஆனால் கணக்குத் தப்பு அப்படியே இருந்தது. டயரைக் கையால் தட்டி, "இது கம்பெனி போட்ட அளவு இல்ல, பெருசு" என்றார். தோட்டக்காரர் சேற்றுக்காகப் பெரிய டயர் போட்டிருந்தார், அதே அளவையே நாங்களும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். பெரிய சக்கரம் குறைச்சலாகச் சுற்றும், ஆனால் தூரம் அதிகமாகப் போகும். மீட்டருக்குச் சுற்றுதான் தெரியும், தூரம் தெரியாது. அதனால் குறைத்துக் காட்டுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று தெரிந்தால் அதற்கு ஏற்ற பல்சக்கரம் போடலாம் என்றார்.

"எண்ணிடலாம்" என்றேன் நான்.

மகள் என்னைப் பார்த்தாள். "எம்மா, சக்கரம் சுத்தறதை எப்படி எண்ணுவ?"

அவள் அப்பா எண்ணுவார். இன்ஜின் ரூமில் ஆழம் காட்டுகிற பெரிய மீட்டர் ஒன்று இருக்கும், ஆனால் அவர் அதை மட்டும் நம்பமாட்டார். கயிறு சுற்றுகிற டிரம்மில் வெள்ளைப் பெயிண்டால் தானே ஒரு கோடு போட்டுவைத்திருந்தார். கோடு மேலே வரும்போது கேஜ் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சாப்பிடும்போது தட்டில் விரலால் கோடு போட்டு எனக்குக் காட்டியிருக்கிறார். அதே மாதிரி பின் டயரில் சுண்ணாம்பால் பட்டையாக ஒரு கோடு போடச் சொன்னேன்.

பேத்தமங்களா ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லுக்கு நேராக வண்டியை நிறுத்தினோம். நான் பின்னால் உட்கார்ந்து சக்கரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டேன். கையில் ஜெபமாலை. கோடு மேலே வரும்போதெல்லாம் ஒரு சின்ன மணி தள்ளுவேன். பெரிய மணியை விட்டுவிடுவேன். சின்னது ஐம்பது. ஐம்பது முடிந்தால் மடியில் ஒரு புளியங்கொட்டை. நானூறு ஐந்நூறு என்று வாயால் எண்ணினால் எனக்கு நடுவில் தவறிவிடும். மணி தவறாது, இந்தக் கையில் அறுபது வருஷம் ஓடின மாலை. மகள் நடக்கிற வேகத்துக்கு ஓட்டினாள். பக்கத்தில் மெக்கானிக் நடந்து வந்தார்.

"ஜெபமும் சொல்லினே எண்றீங்களா பெத்தம்மா?"

"சொல்லல. சொன்னா கணக்கு தப்பும். மாதா கோச்சிக்க மாட்டாங்க, நீ பேச்சு குடுக்காம வா."

அடுத்த கல்லு வந்தபோது மடியில் எட்டுக் கொட்டை, மாலையில் பத்து மணி. நானூற்றுப் பத்து. திரும்பி வரும்போது இன்னொரு தடவை எண்ணினேன், அதே நானூற்றுப் பத்து. மெக்கானிக் செல்போனில் கணக்குப் போட்டார். கம்பெனி டயராக இருந்தால் நானூற்று நாற்பது சுற்று வந்திருக்கும் என்றார். கேபிள் சொருகுகிற இடத்தில் இருந்த சின்னப் பல்சக்கரத்துக்குப் பதினைந்து பல். ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவைக் கவிழ்த்து, பதினாலு பல் உள்ளதைத் தேடி எடுத்துப் போட்டார். சாயங்காலம் மகள் போனில் அறுபது, மீட்டரிலும் அறுபது. "பெத்தம்மா கணக்கு சுத்தம்" என்று அவர் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். நான் அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தேன். கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்துதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாளுக்கு இரும்புச் சிலுவைகளுக்கு சில்வர் பெயிண்ட் அடிப்போம். டப்பாவில் மிஞ்சினதை அப்படியே வைக்கமாட்டோம், கல்லறைக்கு வாங்கினது வீட்டில் மீந்து நிற்கக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வருவதற்குள் வீட்டில் இருக்கிற இரும்புக்கெல்லாம் அடித்துத் தீர்த்துவிடுவோம். கேட், தண்ணிக் குழாய், டிரங்குப் பெட்டி, கட்டில் கால். டிசம்பரில் எங்கள் லைனுக்கு வந்து பாருங்கள், வெயிலில் கண் கூசும். அந்த வருஷம் எல்லாம் அடித்த பிறகும் டப்பாவில் கால்வாசி இருந்தது. கட்டிலுக்கு அடியில் அந்தத் தண்டு, துருவும் கிரீஸும் மண்ணுமாகக் கிடந்தது. என் பெயரில் இருக்கிற வண்டியின் தண்டு.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். உள்ளேயும் மண் இருக்குமே என்று ரெண்டு துண்டையும் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு தனித்தனியாக வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ரெண்டு தடவை பெயிண்ட் அடித்து வெயிலில் காயவைத்தேன். காய்ந்ததும் ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகினேன், சுலபமாகப் போய்விட்டது. மகள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாமா, கோவில்ல வெக்கப் போறியா?" என்றாள். பிரித்ததை அவளுக்குச் சொல்லவில்லை. சொல்கிற விஷயம் என்றே தோன்றவில்லை.

மெக்கானிக் புது ஜாயிண்ட்டைப் போட்டு மாட்டினார். ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் முன்னைவிட மோசம். நாற்பதிலேயே பல் கிடுகிடுக்கிறது.

கழற்றினார், மாட்டினார். சக்கரத்தை மாற்றிப் பார்த்தார். இன்ஜினைத் தாங்குகிற ரப்பரை மாற்றினார். போகவில்லை. இன்னும் ஒரு தடவை கழற்றி, அவ்வளவு ஆசையாக வாங்கி வந்த ஜாயிண்ட்டையே சந்தேகப்பட்டு வேறு வாங்கிப் போட்டார். போகவில்லை. பதினைந்து நாளில் பதினொன்று போய்விட்டது. மகள் பழைய கம்பெனிக்குப் போன் பண்ணினாள். திங்கட்கிழமை வரச் சொன்னார்களாம். பீரோவைக் குடைந்து பழைய அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள். அதைப் பார்த்த கோபத்தில் நான் மெக்கானிக் ஷெட்டுக்கு நடந்தேன். அங்கே டீ குடித்துக்கொண்டு ரெண்டு லாரிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாடியே பேசினேன்.

"தங்கம் எடுத்த ஊர்ல தொழில் பழகிட்டு, ஒரு தண்டை மாட்டத் தெரியலியா உனக்கு? என் வூட்டுக்காரரு பூமிக்கடியில இருந்து நூறு உசுரைத் தூக்கினு வந்து, தலைமுடி அளவு பெசகாம நிறுத்துவாரு. உனக்கு ஒரு நடுக்கத்தை நிறுத்தத் தெரியல."

லாரிக்காரர் ஒருவர் சிரித்தார். மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "கியர் பக்கம் பிரிச்சிப் பாக்கறேன் பெத்தம்மா, நாளைக்கு" என்றார்.

மறுநாள் நானும் மகளோடு போய் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் கியர் பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார். மகள் லைட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, தண்டுலயே வேற எதுனா இருக்குமா?"

"தண்டுல இன்னா இருக்கும்மா? இதோ பாரு." மூலையில் கிடந்த ஒரு உடைந்த தண்டைக் காலால் இழுத்துப்போட்டார். "இந்தத் துண்டுல ஒரு அம்புக்குறி கீதா? அந்தத் துண்டுல ஒண்ணு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கணும். அப்பத்தான் இந்த மொனையில ஜாயிண்ட்டைப் புடிக்கிற காதும் அந்த மொனைக் காதும் ஒரே நேரா நிக்கும். ஒரு பல்லு தள்ளிச் சொருகினாலும் வண்டி இப்படித்தான் ஒதறும். ஆனா நம்முத யாரும் பிரிக்கலியே. நான் சேந்தாப்ல குடுத்தேன், சேந்தாப்ல வந்துச்சி."

நான் டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் நாள் சிரித்த அந்த லாரிக்காரர்கள் அன்றைக்கும் டீயோடு நின்றிருந்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், உடனே என் வாய் திறக்கவில்லை. தனியாக வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லலாமா, மகளிடம் சொல்லி அவளைச் சொல்லச் சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன். அவர் ஒரு போல்ட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். இன்னொன்று. மூன்றாவது இறுகிப்போய் இருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார், ஸ்பேனர் நழுவி விரல் முட்டி கிழிந்தது. வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடியும் திருகப் போனார். இல்லாத கோளாறுக்கு அந்த மனுஷன் ரத்தம் சிந்துகிறார். திங்கட்கிழமை என் மகள் இருட்டில் கிளம்பப் போகிறாள். ரெண்டும் என் கையால் வந்தது.

"நிறுத்துபா" என்றேன். எழுந்து நின்றுகொண்டேன். "அதைப் பிரிக்காத. தண்டை நான்தான் பிரிச்சேன். கழுவி, பெயிண்ட் அடிச்சி, என் இஷ்டத்துக்குச் சொருகி வெச்சேன். அம்பு இருக்கிறது எனக்குத் தெரியாது. பாத்திருந்தாலும் அழுக்குன்னு தேய்ச்சிருப்பேன்."

மகள் கையிலிருந்த லைட்டு கீழே இறங்கிவிட்டது. "எம்மா" என்றாள்.

மெக்கானிக் வெளியே வந்து என்னைப் பார்த்தார். அப்புறம் படுத்துத் தண்டைக் கழற்றினார். மண்ணெண்ணெயும் கத்தியும் எடுத்துச் சுரண்டினார். அவ்வளவு அழகாக அடித்த பெயிண்ட் செதில் செதிலாக வந்தது. ஒரு துண்டில் அம்பு தெரிந்தது. இன்னொரு துண்டில் தேடினார். மூன்று விரல் தள்ளி, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு இருந்தது அது. ரெண்டையும் இழுத்துப் பிரித்து, திருப்பி, எதிரும் புதிருமாக வைத்துச் சொருகினார். சொருகுகிற சத்தம்கூட வேறு மாதிரி இருந்தது.

சிரித்த லாரிக்காரர் விடவில்லை. "இன்னா பெத்தம்மா, தங்கம் எடுத்த ஊருன்னு சொன்னீங்களே?"

"ஆமாபா. அந்த ஊர்க்காரிதான் தப்பு பண்ணேன். வேணும்னா உன் லாரி பின்னாடி எழுதி வெச்சிக்கோ." மெக்கானிக் பக்கம் திரும்பினேன். "உன்ன நாலு பேர் முன்னாடி பேசினேன். அதே நாலு பேர் முன்னாடி சொல்றேன், உன் தொழில் சுத்தம். மனசுல வெச்சிக்காத."

"டீ ஆறுது, குடி" என்று அவர் லாரிக்காரரிடம் சொன்னார். அப்புறம் என்னிடம், "கழட்டுன தண்டுல நான் ஒரு கோடு போட்டுக் குடுத்திருக்கணும் பெத்தம்மா. மாட்டும்போதாவது அம்பைத் தேடியிருக்கணும். பளபளன்னு வந்துச்சி, புதுப் பொண்ணு மாதிரி. நானும் மயங்கிட்டேன்" என்றார். அவர் தப்பு அதில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். என் பாரத்தில் ஒரு முனையை அவர் தூக்கிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த ஷெட்டுத் தரையில் எனக்குக் கண் கலங்கியது. லாரிப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

பேத்தமங்களா ரோட்டில் மகள் ஓட்டினாள். ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. நான் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடிக்காமல் வாயைத் திறந்து வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ரோட்டின் குலுக்கல் மட்டும். ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டோம், யாருக்கும் திருப்ப மனசில்லை. போகும்போது மகள் கேட்டாள், "ஏன்மா சொன்ன? நீ சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஞாயித்துக்கிழமை மட்டும் உன்னப் பாத்துக்கினு என்னால இருக்க முடியாது" என்றேன். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

எஃப்சிக்கு நானும் போனேன். அதே இன்ஸ்பெக்டர்தான் ஓட்டிப் பார்த்தார். இறங்கி, குனிந்து அடியில் பார்த்து, "பாதி வெள்ளி, பாதி இரும்பா இருக்குதே" என்றார். நான் காரணத்தைச் சொல்ல வாய் திறந்தேன். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினார். கையெழுத்து என்னுடையது. ஐந்து எழுத்து, அவர் பொறுமையாக நின்றார்.

இந்த உலகத்தில் எனக்கு வாய்த்த மனுஷர்களை நினைத்துப் பார்க்கிறேன். வண்டியை என் பெயரில் எழுதி வைத்தவர். விரல் கிழிந்தும் என்னை ஒரு வார்த்தை சொல்லாதவர். கோபப்பட உரிமை இருந்தும் முழங்கையைக் கிள்ளினதோடு விட்ட மகள். யாருக்கும் நான் அவ்வளவு கொடுத்ததில்லை.

இப்போது மணி ரெண்டாகப் போகிறது. ரசம் அடுப்பில் இருக்கிறது. ஜீப்பு சத்தம் லைன் முனையில் கேட்கும், மகள் வருவாள், கை கழுவுவாள், சூடாகச் சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே தரையில் அரை மணி நேரம் தூங்குவாள், வாய் லேசாகத் திறந்திருக்கும். ஜன்னல் வெயில் அவள் கன்னத்தில் விழும். திரையை இழுத்துவிடேன்மா என்று தூக்கத்தில் முனகுவாள். நான் கொஞ்சம் பொறுத்துத்தான் இழுப்பேன்.